டெக் பலகை மக்கினால் சுவரோரத்தைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்பக்கக் கதவை ஒட்டி ஒரு மர டெக், அதாவது தூண்மேல் நிற்கும் திறந்தவெளி மரத் தளம், இருக்கிறது. சுவரோரமாக 12 அடி, வெளிப்பக்கமாக 10 அடி, தரையிலிருந்து 4 அடி உயரம். மக்காமலிருக்க மருந்தேற்றிய பைன் மரத்தில் போட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கதவருகே மூன்று நான்கு பலகைகள் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டன. திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறது. நடுவில் நடந்தால் தரை துள்ளுகிறது. கைப்பிடியும் ஆடுகிறது. கீழே அளந்து பார்த்தேன்: தாங்கு சட்டங்கள் ஒன்றரை அங்குல கனம், ஐந்தரை அங்குல உயரம், 16 அங்குலத்துக்கு ஒன்று. ஒரு ஆசாரி நான்கு பலகையை மாற்றி பாலிஷ் அடித்தால் போதும் என்கிறார். இன்னொருவர் முழுவதையும் பிரித்துப் போட வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? எந்த மரம், எந்தப் பூச்சு நல்லது?

பதில்: இரண்டு பேருமே சுவரோரத்தைத் திறந்து பார்க்காமல் சொன்னதாகத் தெரிகிறது. அதைத் திறந்து பார்த்து ஒரு முடிவுக்கு வரும்வரை, டெக்கில் நாலைந்து பேர் ஒன்றாக நிற்க வேண்டாம். கைப்பிடியில் யாரும் சாயவும் வேண்டாம். 4 அடி என்பது எலும்பு முறியப் போதுமான உயரம்.

பலகைகள் எல்லா இடத்திலும் சமமாகக் கெடவில்லை, கதவருகே மட்டும் கெட்டிருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குத் தண்ணீர் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது. மழையில் நனைந்து வெயிலில் காயும் பலகை பல ஆண்டு தாங்கும். நனைந்த இடம் காயாமலே இருந்தால்தான் மக்கும். ஆகவே உங்கள் சுவரோரத்தில் தண்ணீர் நிற்கிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் அங்கே தெறிக்கும், பலகைக்கும் சுவருக்கும் நடுவே சருகும் தூசியும் அடையும், அது பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைக்கும். அந்த ஈரம் பலகையோடு நிற்காது. அதற்கு நேர் கீழே, வீட்டுச் சுவரோடு சேர்த்து முடுக்கிய நீளக் கட்டை இருக்கிறது. லெட்ஜர் என்பார்கள், இங்கே சுவர்க்கட்டை என்றே சொல்கிறேன். டெக்கின் பாதி எடை அதில்தான் தொங்குகிறது.

அந்தப் பாதி எவ்வளவு என்று பாருங்கள். வீட்டு டெக்குக்குக் கணக்குப் போடும்போது சதுர அடிக்கு 40 பவுண்டு சுமை என்று எடுப்பது வழக்கம். உங்களுடையது 120 சதுர அடி. மொத்தம் 4,800 பவுண்டு, ஏறத்தாழ 2,180 கிலோ. அதில் பாதி, ஆயிரம் கிலோவுக்கு மேல், மரத்தின் சொந்த எடை சேர்க்காமலே சுவர்க்கட்டைக்கு வருகிறது. டெக் இடிந்து விழும் விபத்துகளில் பெரும்பாலும் முதலில் கழல்வது இந்த இணைப்புதான். மெல்ல மெல்லச் சாயாது, சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரே நொடியில் இறங்கிவிடும். அதனால்தான் நான்கு பலகையை மாற்றி பாலிஷ் அடிக்கச் சொன்னவரின் யோசனை எனக்குக் கவலை தருகிறது. புதுப் பலகை போட்டுவிட்டால் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும்.

முதலில் சுவரோரமாக இருக்கும் மூன்று பலகைகளைக் கழற்றுங்கள். கூரான குத்தூசி ஒன்று எடுத்துக்கொண்டு சுவர்க்கட்டையின் மேல் விளிம்பு, பின்பக்கம், ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றியுள்ள இடம் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. சந்தேகமாக இருந்தால் ஒரு சிம்பைக் கிளப்பிப் பாருங்கள். நல்ல மரம் நீள நாராகக் கிழிந்து வரும். மக்கிய மரம் ரஸ்க் போலக் குறுக்கே பொட்டென்று ஒடியும். பிறகு தாங்கு சட்டங்களின் தலைப்பகுதி, அவற்றைச் சுவர்க்கட்டையில் தாங்கும் இரும்புப் பிடிகளான ஹேங்கர்கள், தூண்களின் அடி, படிக்கட்டுச் சட்டம் தரையைத் தொடும் இடம் ஆகியவற்றையும் இதேபோல் பாருங்கள். தூணில் மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான். சாம்பல் நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வெயில் மேல்தோலை அரித்த நிறம், மரத்தின் பலம் அதனால் குறையாது. கறுத்து மெத்தென்று இருப்பதுதான் கெட்டது.

சுவர்க்கட்டை எதால் பிடித்திருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள். வெறும் ஆணி என்றால், மரம் கல் மாதிரி இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆணி கீழ்நோக்கிய எடையை ஓரளவு தாங்கும், வெளிப்பக்கம் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அழகுக்காக ஒட்டிய ஒற்றைச் செங்கல் பூச்சுச் சுவரில் முடுக்கியிருந்தாலும் அதே தீர்ப்புதான். அந்தச் செங்கல் தன்னைத்தானே தாங்கத்தான் கட்டப்பட்டது. பின்னால் இருப்பது உள்ளீடற்ற கல் சுவர் என்றால், கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் துளை போடாதீர்கள்.

சுவர்க்கட்டையை மாற்றுவது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. சுவரிலிருந்து 2 அடி தள்ளி, எல்லாத் தாங்கு சட்டங்களுக்கும் கீழே குறுக்காக ஒரு தற்காலிக உத்தரம் கொடுத்து, ஜாக்கி வைத்து முட்டுக் கொடுங்கள். ஜாக்கியின் அடியில் அகலப் பலகை இருக்கட்டும், இல்லாவிட்டால் மண்ணில் புதைந்துவிடும். எடை முட்டுக்கு மாறும் அளவுக்கு ஏற்றினால் போதும்; டெக்கைத் தூக்கினால் கதவு நிலை வரை பாதிக்கும். அதன்பிறகே பழைய போல்ட்டைக் கழற்ற வேண்டும்.

கட்டையை எடுத்ததும் அதன் பின்னால் இருந்த சுவரைப் பாருங்கள். மரச்சட்ட வீடாக இருந்தால், உள்ளே வீட்டுத் தரைச் சட்டங்களின் முனைகளை மூடி நிற்கும் விளிம்புக் கட்டையும் மக்கியிருக்கக்கூடும். அதைச் சரிசெய்யாமல் புதுக் கட்டையை முடுக்கினால் செய்த வேலை வீண். சரியாக இருந்தால், சுவரின் மேல் உறையை அந்த உயரத்துக்கு அகற்றிவிட்டு, நீர்காப்புத் தாள் ஒன்றை ஒட்டுங்கள். புதுக் கட்டை தாங்கு சட்டத்தின் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அரை அங்குல லேக் ஸ்க்ரூ (ஸ்பேனரால் முடுக்கும் தடித்த மரத் திருகாணி) என்றால் சுவர்க்கட்டையில் அரை அங்குலத் துளையும், வீட்டின் விளிம்புக் கட்டையில் 5/16 அங்குலத் துளையும் போட வேண்டும். துளை போடாமல் அடித்து இறக்கினால் மரம் பிளக்கும், பிடிப்பு இராது. ஸ்க்ரூவின் நுனி விளிம்புக் கட்டையைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு வருவோம். 10 அடி நீளச் சட்டத்துக்கு 18 அங்குலத்துக்கு ஒரு லேக் ஸ்க்ரூ கணக்கில் போதும். உங்கள் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று என்பதால், இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒன்று வீதம் போட்டால் ஒன்பது. இரண்டு ஓரத்திலும் கூடுதலாக ஒன்று, ஆகப் பதினொன்று. ஒரே கோட்டில் வேண்டாம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி. ஒரே கோட்டில் போட்டால் மரம் அந்த ரேகையிலேயே பிளந்துவிடும். மேல் வரிசை கட்டையின் மேல் விளிம்பிலிருந்து குறைந்தது 2 அங்குலம் கீழே, கீழ் வரிசை கீழ் விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் மேலே. ஒவ்வொன்றுக்கும் வாஷர் உண்டு. இவை எடையைத் தாங்கும். வெளிப்பக்கம் பிடுங்கும் விசைக்குத் தனியாக, டெக்கின் சட்டத்தையும் வீட்டுக்குள் இருக்கும் தரைச் சட்டத்தையும் கம்பியால் பிணைக்கும் இழுவைத் தாங்கிகளும் போட வேண்டும்.

அடுத்ததுதான் உங்கள் டெக்கில் விட்டுப்போயிருக்கும் என்று நான் நினைக்கும் பொருள்: ஃப்ளாஷிங் தகடு. சுவரின் நீர்காப்புத் தாளுக்குப் பின்னால் தொடங்கி, சுவர்க்கட்டையின் தலையை மூடி, அதன் முகப்பில் மடிந்து தொங்கும் தகடு அது. மேலிருந்து வரும் தண்ணீர் எப்போதும் அடுத்த அடுக்கின் வெளிப்பக்கத்தில் விழ வேண்டும், கூரை ஓடு அடுக்குவது போல. தாளுக்கு வெளியே தகட்டை வைத்து விளிம்பில் சிலிக்கான் பசை இழுப்பதைப் பல இடங்களில் செய்கிறார்கள். அந்தச் சிலிக்கான் சில ஆண்டில் விட்டுப்போகும், பிறகு தகடே தண்ணீரை உள்ளே அழைத்துப் போகும். மருந்தேற்றிய மரத்தில் செம்பு கலந்திருப்பதால் அலுமினியத் தகடு அதைத் தொட்டால் அரித்துவிடும். நல்ல துத்தநாகப் பூச்சுத் தகடு, செம்புத் தகடு, வினைல் இவற்றில் ஒன்றைப் போடுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே கால் அங்குலமாவது இடைவெளி விடுங்கள். அதை எதைக் கொண்டும் அடைக்கக் கூடாது.

ஆணி, ஸ்க்ரூ, ஹேங்கர் மூன்றுக்கும் இந்தச் செம்புக் கணக்கு பொருந்தும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தவை அல்லது துருப்பிடிக்காத எஃகு; இரண்டையும் ஒரே இணைப்பில் கலக்காதீர்கள். கடலோரம் என்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஹேங்கரில் எத்தனை துளை இருக்கிறதோ அத்தனையிலும் அதற்கென்றே விற்கும் ஆணி இருக்க வேண்டும். பலகைக்கு வாங்கிய ஸ்க்ரூவை ஹேங்கரில் போடுவது ஆபத்து, பக்கவாட்டு எடையில் அது தலை ஒடிந்து விழும்.

இனித் துள்ளல். இதற்கு மக்கிய மரம் காரணமில்லை, உங்கள் அளவே காரணத்தைச் சொல்கிறது. ஐந்தரை அங்குல உயரச் சட்டத்தை, 16 அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்தால், நல்ல பைனாக இருந்தாலும் 9 அடிக்கு மேல் நீட்டக் கூடாது. உங்களுடையது 10 அடி. முதல் நாளிலிருந்தே துள்ளியிருக்கும், இப்போது இணைப்புகள் தளர்ந்ததால் அதிகமாகத் தெரிகிறது. ஏழேகால் அங்குல உயரச் சட்டமாக மாற்றினால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடும், ஏனென்றால் விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஆனால் அதற்கு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். சட்டங்கள் நன்றாக இருந்தால் என் யோசனை வேறு: நடுவில் ஒரு உத்தரம் கொடுங்கள். சட்டத்தின் நீளம் பாதியாகும். ஒருவர் நிற்கும் இடத்தில் ஏற்படும் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதைவிட முக்கியம், மொத்த எடையில் பாதிக்கு மேல் நடு உத்தரத்துக்குப் போய்விடும். சுவர்க்கட்டைக்கு வருவது பாதியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். உங்கள் பெரிய கவலைக்கும் இதுவே மருந்து.

அந்த உத்தரத்துக்கு ஒன்றரைக்கு ஏழேகால் அங்குலச் சட்டம் இரண்டைச் சேர்த்து அடித்தது போதும், நீளம் 12 அடி. கீழே மூன்று தூண்கள். எடை அங்கே குவிவதால் அடித்தளத்தில் சிக்கனம் கூடாது: மேல்மண்ணை அகற்றி, கெட்டி மண் வரும்வரை தோண்டி, 16 அங்குலச் சதுரத்தில் 10 அங்குல கனத்துக்குக் கான்கிரீட் போடுங்கள். நிலம் உறையும் குளிர்நாடாக இருந்தால் உறைமட்டத்துக்குக் கீழே போக வேண்டும். தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள், புதைத்த மட்டத்தில்தான் மக்கும். ஒரு அங்குலம் தூக்கிப் பிடிக்கும் இரும்புப் பாதத்தில் நிறுத்துங்கள். உத்தரம் தூணின் தலைமேல் உட்கார வேண்டும். பக்கத்தில் ஒட்டி போல்ட் போட்டால் எடை முழுவதும் அந்தப் போல்ட்டில் தொங்கும். தாங்கு சட்டங்களின் இடையே அங்கங்கே குறுக்குக் கட்டையும் அடித்தால் ஒன்று வளையும்போது பக்கத்துச் சட்டமும் கை கொடுக்கும்.

சட்டங்களின் மேல்முகத்தில் பழைய ஆணித் துளைகளைச் சுற்றி மட்டும் அரை அங்குலத்துக்குள் மெத்தென்று இருந்தால், சுரண்டி எடுத்து, மக்கலைத் தடுக்கும் செம்பு நாப்தனேட் கரைசல் பூசி, காய்ந்ததும் நீர் புகாத பியூட்டைல் ஒட்டுநாடா ஒட்டிவிடலாம். அதற்கு மேல் என்றால் புதுச் சட்டத்தை முழு நீளத்துக்குப் பக்கத்தில் சேர்த்து அடியுங்கள், அரைகுறைத் துண்டு வேண்டாம். பத்துச் சட்டத்தில் நான்கைந்து இந்த நிலையில் இருந்தால், அல்லது தூண்களின் அடி கெட்டிருந்தால், பிரித்துப் போடச் சொன்னவர் சொல்வதே சரி.

கைப்பிடியை வெறும் தொந்தரவாக நினைக்காதீர்கள். 36 அங்குல உயரத்தில் ஒருவர் 90 கிலோ விசையோடு சாய்ந்தால், நெம்புகோல் கணக்கில் தூணின் மேல் போல்ட்டில் ஏறத்தாழ பத்து மடங்கு இழுவை வரும். இரண்டு ஸ்க்ரூவில் பிடித்த தூண் அதைத் தாங்காது. பார்வைக்காகத் தூணின் அடியைப் பாதி செதுக்கி உட்கார வைத்திருந்தால் அந்தச் செதுக்கலில்தான் வெடிக்கும். முழுத் தூணை ஓரச் சட்டத்தின் உள்பக்கம் வைத்து, அரை அங்குலப் போல்ட் இரண்டு ஊடுருவப் போட்டு, மேல் போல்ட்டை உள்சட்டத்தோடு பிணைக்கும் தாங்கி ஒன்று கொடுங்கள். ஓரச் சட்டம் மட்டும் பிடித்தால் அதுவே புரண்டுவிடும். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. குழந்தையின் தலைக்கான அளவு அது.

மரத்துக்கு வருகிறேன். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த உள்பகுதிதான் மழையைத் தாங்கும். தேக்கிலும் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர் பகுதி, வெளிறுதான். மருந்தேற்றிய பைன் உங்களுக்குப் போதும். அதை வெட்டிய ஒவ்வொரு முனையிலும் அதே நாப்தனேட் கரைசலைப் பூசுங்கள், ஏனென்றால் மருந்து நடுமரம் வரை இறங்கியிருக்காது. வெட்டுத் துண்டுகளை அடுப்பில் எரிக்க வேண்டாம். ஐந்தரை அங்குல அகலப் பலகை, 3 மி.மீ. இடைவெளி என்றால் 10 அடிக்கு 22 பலகை, சேதாரத்துக்கு இரண்டு சேர்த்து 12 அடி நீளத்தில் 24 வாங்குங்கள். பலகைக்குச் சட்டத்துக்கு இரண்டு ஸ்க்ரூ வீதம் 440, ஐந்நூறாக வாங்கிவிடலாம். ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல ஸ்க்ரூ.

இடைவெளியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மருந்து ஊறிய ஈரத்தோடு வரும் பலகை காயும்போது அகலத்தில் கால் அங்குலம் வரை சுருங்கும். அதை நெருக்கி அடித்தால் இடைவெளி தானாக வரும். ஈரப் பலகைக்கு 3 மி.மீ. விட்டால் ஆறு மாதத்தில் செருப்பின் குதி மாட்டும். காய்ந்த பலகை, கடின மரம் என்றால் 3 மி.மீ. விட்டே அடிக்க வேண்டும், மழையில் அது உப்பும். முனையில் துளை போட்ட பிறகே ஸ்க்ரூ. தலை மேல்மட்டத்தோடு நிற்கட்டும், உள்ளே புதைந்தால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும்.

பூச்சு என்று கேட்டீர்கள். மேலே படலமாக நிற்கும் வார்னிஷும் பெயின்ட்டும் நடமாடும் தரைக்கு ஆகாது. வெடித்த இடத்தில் தண்ணீர் உள்ளே போய் வெளியேற முடியாமல் தங்கும், பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டிவரும். ஊறி இறங்கும், சற்றே நிறமுள்ள எண்ணெய்ப் பூச்சுதான் என் தேர்வு. அந்த நிறமிதான் வெயிலைத் தடுக்கிறது, நிறமில்லாத எண்ணெய் சீக்கிரம் போய்விடும். புதுப் பைனை உடனே பூசாதீர்கள். பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சில நிமிடத்தில் உறிஞ்சினால் தயார், முத்தாக நின்றால் இன்னும் காயவில்லை. பின்னாளில் மறுபூச்சு எப்போது என்பதற்கும் இதே சோதனைதான்.

பூசுமுன் சோடியம் பெர்கார்பனேட் தூளைத் தண்ணீரில் கலந்து, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் பிளீச் மரத்தின் நாரையும் ஸ்க்ரூவையும் கெடுக்கும். பிரஷர் வாஷர் கட்டாயம் வேண்டுமென்றால் அகல முனை போட்டு, ஓர் அடி தள்ளி, குறைந்த அழுத்தத்தில் பிடியுங்கள்; அருகே கொண்டுபோனால் மென்மையான ரேகைகளைத் தோண்டிவிடும். பிறகு 60 அல்லது 80 எண் உப்புத்தாள். அதைவிட நைசாகத் தேய்த்தால் எண்ணெய் இறங்காது. மெல்லியதாக ஒரே கை, பதினைந்து இருபது நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீர் நிறைந்த மூடிய இரும்பு வாளியில் போட்டு வையுங்கள். பூந்தொட்டிகளுக்குக் கீழே கால் வைத்த தட்டு கொடுங்கள். ரப்பர் மிதியடியைக் கதவருகே நிரந்தரமாக விரித்து வைக்க வேண்டாம்; உங்கள் பலகை கெட்ட அதே இடத்தில் அது ஈரத்தை மறுபடி பிடித்து வைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சுவரோர இடைவெளியில் சேரும் சருகை மெல்லிய தகட்டால் கிளறி எடுங்கள். அப்படியே கீழே குனிந்து, சுவர்க்கட்டைக்கும் சுவருக்கும் நடுவே புதிதாகக் கோடு விட்டிருக்கிறதா, போல்ட் தலைகளிலிருந்து துரு வழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.